அலெக்சாந்தரின் தளபதிக்கு அடங்காத சியூத்திஸ்

கேள்வி: திரேசியர் என்றால் அடிமைக் கலகம் நடத்திய ஸ்பார்டகஸை மட்டும்தான் தெரியும். அவர்களுக்கு மன்னர்களும் இருந்தார்களா? ஒருவரைப் பற்றியாவது சொல்லுங்களேன்.

பதில்: இருந்தார்கள், நிறைய பேர். இன்றைய பல்கேரியாவும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அன்றைய திரேஸ். இந்தியர்களுக்கு அடுத்தபடி உலகில் அதிக மக்கள் திரேசியர்தான், ஒற்றுமையாக ஒரே தலைவனின் கீழ் நின்றால் அவர்களை யாராலும் வெல்ல முடியாது என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் குலம் குலமாகப் பிரிந்தே கிடந்தார்கள்.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒட்ரீசிய குலத்தின் மூன்றாம் சியூத்திஸ். கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்ததும் திரேஸ் அவருடைய தளபதி லைசிமாக்கஸின் பங்குக்குப் போனது. சியூத்திஸ் சும்மா இருக்கவில்லை, 20,000 காலாட்படையும் 8,000 குதிரைப்படையுமாக எதிரே வந்து நின்றார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ். அந்தப் போரில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. கி.மு. 313-இல் லைசிமாக்கஸின் எதிரியான ஆன்டிகோனஸ் என்ற இன்னொரு அலெக்சாந்தர் தளபதியுடன் சேர்ந்துகொண்டு ஹீமஸ் மலைக் (இன்றைய பால்கன் மலை) கணவாயை அடைத்துப் பார்த்தார், இந்த முறை லைசிமாக்கஸ் போராடி வழியைத் திறந்துவிட்டார்.

போர்களைவிட அவர் கட்டிய ஊர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. துஞ்சா ஆற்றங்கரையில் தன் பெயரிலேயே சியூத்தோபோலிஸ் என்று ஒரு தலைநகரம், கிரேக்கர் பாணியில் நேர் நேரான தெருக்கள், நடுவே பொதுச் சதுக்கம், சுற்றி மதில். தன் பெயரில் காசும் அடித்தார். மனைவி பெரனிக்கேயும் மகன்களும் செய்த சத்தியம் பொறித்த கிரேக்கக் கல்வெட்டும் அங்கேதான் கிடைத்தது. 1948-இல் அணை கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட இந்த ஊரை அவசர அவசரமாக அகழ்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் நீரில் மூழ்கவிட்டார்கள். இன்று அது கோப்ரிங்கா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது, எனக்கு இதில் மனசு ஆறவே இல்லை.

கேள்வி: அப்படியானால் அவரைப் பற்றிப் பார்க்க எதுவுமே மிஞ்சவில்லையா?

பதில்: மிஞ்சியிருக்கிறது. 2004-இல் தொல்லியலாளர் கியோர்கி கிதோவ் குழுவினர் கசன்லக் நகருக்கு அருகே கோலியாமா கோஸ்மத்கா என்ற மண்மேட்டில் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே பொன்னால் செய்த ஓக் இலை மாலை, சியூத்திஸின் பெயர் பொறித்த வெண்கலத் தலைக்கவசம், பலியிட்ட குதிரையின் எலும்புகள். வாசலுக்கு முன்னால் மண்ணுக்குள் ஒரு வெண்கலத் தலை, சிலையிலிருந்து பிரித்தெடுத்துப் புதைத்தது. அடர்ந்த தாடி, உள்ளே பதித்த கண்கள், முகச் சுருக்கம்வரை அப்படியே ஓர் ஆளைப் பார்ப்பது போலிருக்கும். தலை இப்போது சோபியாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கல்லறைக்குள்ளும் பார்வையாளர்கள் போய்ப் பார்க்கலாம்.