திரும்பும் தேதி தெரியாதபோது ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குக் கோவையில் கண் அறுவை சிகிச்சை. ஐந்து நாளில் அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். சர்க்கரை இருப்பதால் கூடுதலாக இரண்டு நாள் ஆகலாமாம். நாங்கள் இருவரும் காட்பாடி திரும்ப, தேதியை மாற்றிக்கொள்கிற மாதிரி ரிட்டர்ன் டிக்கெட் கிடைக்குமா?

பதில்: முன்பதிவுப் பெட்டிகளில் அப்படியொரு டிக்கெட் கிடையாது. போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். 2025 தீபாவளி சமயத்தில் இரு வழிக்கும் சேர்த்து எடுத்தவர்களுக்குத் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி தந்தார்கள். ஆனால் அதில் ரத்து செய்தால் பணம் வராது, தேதியும் மாற்ற முடியாது. அதுபோன்ற சலுகை மறுபடி வந்தாலும் நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உறுதியான டிக்கெட்டைப் பல நாள் முன்னதாக ரத்து செய்தால் ஆளுக்கு இவ்வளவுதான் பிடிப்பார்கள்: இரண்டாம் வகுப்பு இருக்கை ரூ. 60, ஸ்லீப்பர் ரூ. 120, மூன்றடுக்கு ஏ.சி. அல்லது ஏ.சி. சேர் கார் ரூ. 180 (ஏ.சி.க்கு ஜிஎஸ்டி தனி). நாள் நெருங்கினால் அது கட்டணத்தில் 25 சதவீதம், பிறகு 50 சதவீதம் என்று ஏறும். சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகு ஒன்றும் வராது. ஆன்லைனில் எடுத்தால் அந்தச் சேவைக் கட்டணமும் திரும்பாது.

சிக்கல் இங்கேதான். "இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்" என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள்தான். அப்போது ரத்து செய்தால் கால் பங்கோ பாதியோ போய்விடும். அதனால் ஐந்தாம் நாளுக்கு எடுக்காமல் ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாளுக்கு எடுங்கள். முன்னதாக அனுப்பிவிட்டால் காலியிடம் பார்த்து வேறு டிக்கெட் எடுத்துக்கொண்டு, பழையதை உடனே ரத்து செய்யுங்கள்.

கோவையிலேயே புறப்படும் ரயிலாகப் பாருங்கள். நடுவழி ஊருக்கான ஒதுக்கீட்டைவிட புறப்படும் ஊரின் வெயிட்டிங் லிஸ்ட் வேகமாக நகரும். இரவில் சேரன், பிற்பகலில் கோவை எக்ஸ்பிரஸ் இரண்டும் காட்பாடியில் நிற்கும். சேரனில் எடுத்தால் ஆன்லைனில் 'ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணில் கட்டோடு அப்பா மேலே ஏறக் கூடாது.

காட்பாடி கவுன்டரில் நேரில் எடுப்பதில் ஒரு வசதி உண்டு. ரயில் புறப்பட 48 மணி நேரத்துக்கு முன் டிக்கெட்டோடு எந்த முன்பதிவு கவுன்டருக்குப் போனாலும், கோவையிலும்கூட, ஒரே ஒரு முறை தேதி மாற்றலாம். புதிய தேதியில் இடம் இருந்தால்தான் இருக்கை உறுதி. ஆன்லைன் டிக்கெட்டைக் கவுன்டரில் கொடுத்து இப்படி மாற்ற முடியாது. டிக்கெட் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசி நேரத்தில் எடுக்கும் தட்கல் டிக்கெட், பயணத்துக்கு முந்தைய நாள் ஏ.சி.க்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். உறுதியான தட்கலை நீங்களாக ரத்து செய்தால் ஒரு ரூபாயும் வராது. டிஸ்சார்ஜ் என்று டாக்டர் வாயால் சொன்ன பிறகு மட்டும் எடுங்கள்.