வாசகர் கேள்வி – பதில்: அடைக்கலத்துக்கு ஆகும் செலவு

எதிர்பாராத நேரத்தில் ஒரு நாட்டின் எல்லைக்குள் இலட்சக்கணக்கான அகதிகள் வந்து நின்றால் அவர்களைப் பராமரிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து ஐந்தாக்கி, இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வரவுசெலவுத் திட்டத்தில் எந்த ஒதுக்கீடும் இல்லாதபோது, முதல் வாரச் செலவை அரசு எப்படிச் சமாளிக்கும்?

பதில்: முதல் சில நாள்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அரசு அல்ல, எல்லையோரத்து மக்கள்தான். வந்தவர்கள் முதலில் தங்குவது பள்ளிக்கூடங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் முன்பின் தெரியாத குடும்பங்களின் திண்ணைகளிலும்தான். பின்னால் எழுதப்படும் கணக்கறிக்கை எதிலும் இந்தச் செலவு ஏறுவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. அதன் பிறகு அரசு எதிர்பாராச் செலவுக்கென வைத்திருக்கும் நிதியைத் திறக்கும். அதுவும் போதாதபோது வேறு துறைகளுக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட்டு, நாடாளுமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை (ஆண்டின் நடுவே கூடுதல் பணம் கேட்கும் கோரிக்கை) வைத்து ஒப்புதல் பெறும். இத்தகைய நேரங்களுக்காகவே 2006-ல் தொடங்கப்பட்ட ஐ.நா. மத்திய அவசரகால நிதியமும் கைகொடுக்கும்.

ஆனால் முதல் வாரத்தில் பணத்தைவிட முக்கியமானது கொள்முதல் வேகம். மனிதாபிமானப் பணிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோல்களின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும், 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும், தலைக்கு 3.5 சதுர மீட்டராவது கூரைக்குக் கீழ் இடம் வேண்டும். ஒரு இலட்சம் பேருக்கு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள்: தினமும் 15 இலட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது பத்தாயிரம் லிட்டர் லாரியில் 150 நடை, 5,000 கழிப்பறைகள். வழக்கமான முறையில் ஒப்பந்தப்புள்ளி கோரிக் காத்திருந்தால் அதற்குள் வாந்திபேதி முகாமுக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் கொள்முதல் விதிகளை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருக்கும் அரசுகளே நிலைமையைத் தாங்குகின்றன.

கேள்வி: அகதிகளுக்காக எந்த நாடாவது தன் மக்கள்மீது தனி வரி விதித்ததுண்டா?

பதில்: உண்டு. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது இந்தியா விதித்தது. ரயில், விமானக் கட்டணங்களின்மீதும் அஞ்சல்மீதும் கூடுதல் வரி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் வழக்கமான அஞ்சல் தலையோடு 5 பைசா மதிப்புள்ள அகதிகள் நிவாரணத் தலையையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. புதிதாக அச்சிட்டு முடிக்கும்வரை, புழக்கத்தில் இருந்த 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின்மீதே நிவாரணம் என்று மேலச்சு செய்து விற்றார்கள் என்பதிலிருந்தே அன்றைய அவசரம் எத்தகையது என்பது விளங்கும். அந்த 5 பைசாவால் முழுச் செலவையும் ஈடுகட்ட முடிந்திருக்காது. ஆயினும் நாடே சேர்ந்து ஒரு சுமையைத் தூக்குகிறது என்பதைக் கடிதம் எழுதும் ஒவ்வொருவரின் விரலுக்கும் அது உணர்த்தியது. அந்த வகையில் அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இதைவிடத் துணிச்சலான வரியை மேற்கு ஜெர்மனி விதித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட பல இலட்சம் ஜெர்மானியர்கள் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள். அப்போது, போரில் சொத்தை இழக்காதவர்கள் இழந்தவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்னும் கொள்கையின் அடிப்படையில் 1952-ல் சுமைச் சமன்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1948-ல் புதிய நாணயம் வந்த நாளில் ஒருவருக்கு இருந்த சொத்தின் மதிப்பில், விலக்குகள் போக, பாதியை அவர் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது சட்டம். பாதிச் சொத்து என்றதும் திகைக்க வேண்டாம். அந்தத் தொகையை 30 ஆண்டுகளில் காலாண்டுத் தவணைகளாகக் கட்டலாம் என்பதால், வீட்டையோ தொழிற்சாலையையோ விற்காமல் அவற்றின் வருமானத்திலிருந்தே பலரால் செலுத்த முடிந்தது. அகதியின் வாழ்வு மீண்டும் வேர்விட ஒரு தலைமுறை ஆகும் என்பதை அறிந்து, வரியின் ஆயுளையும் அதற்கேற்ப நீட்டிய சட்டம் அது.

கேள்வி: ஐக்கிய நாடுகள் சபைதான் இந்தச் செலவை ஏற்கிறது என்று நினைத்திருந்தேன். அது தவறா?

பதில்: பெரும்பாலும் தவறுதான். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகத்தின் நிர்வாகச் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஐ.நா.வின் பொது நிதியிலிருந்து வருகிறது. மற்றவை நாடுகளும் தனியாரும் மனமுவந்து தரும் நன்கொடைகள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கட்டளையிடுகிறது. ஆனால் அவரை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு மற்ற நாடுகள் பணம் தந்தாக வேண்டும் என்று அதில் கட்டளை இல்லை. பக்கத்து நாடு என்ற ஒரே காரணத்தால் ஏழை நாடுகள் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. நன்கொடை வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்களின் வங்கதேசத்து முகாம்களே சாட்சி: தலைக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி 2023 மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் குறைக்கப்பட்டது. பணக்கார நாடுகள் தங்கள் மண்ணுக்கு வந்த அகதிகளின் முதல் 12 மாதச் செலவை வெளிநாட்டு உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ளவும் விதிகள் இடம் தருகின்றன. அது முறைகேடு இல்லைதான். ஆனால் உதவித் தொகை உயர்ந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்தப் பணம் நாட்டை விட்டு வெளியே போனதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நிதி மைய அரசிடம், வேலை நகராட்சியிடம் என்றால் குழப்பம் வராதா?

பதில்: வரும். 2015-ல் சுமார் 8.9 இலட்சம் பேர் புகலிடம் தேடி ஜெர்மனிக்கு வந்தபோது, எந்த மாநிலம் எத்தனை பேரை ஏற்பது என்பதைப் பழைய சூத்திரம் ஒன்று தீர்மானித்தது: மாநிலத்தின் வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, மக்கள்தொகைக்கு ஒரு பங்கு எடை. பங்கீடு தெளிவாக இருந்தும் செலவு மாநிலங்களையும் ஊராட்சிகளையும் அழுத்தவே, விண்ணப்பதாரர் ஒருவருக்கு மாதம் 670 யூரோ வீதம் தருவதாகக் கூட்டாட்சி அரசு ஒப்புக்கொண்டது. மொத்தமாக ஒரு தொகையைத் தராமல், தலைக்கு இவ்வளவு, விசாரணை முடியும்வரை என்று கணக்கிட்டுத் தரும் இந்த முறையே நல்லது. விசாரணையை இழுத்தடித்தால் மைய அரசின் கையே கடிக்கும் என்பதால் கோப்புகளும் விரைவாக நகரும்.

கேள்வி: முகாமில் வைத்துப் பராமரிப்பது செலவு குறைவா, வெளியே வேலை செய்ய விடுவது செலவு குறைவா? உள்ளூர் மக்களின் வருத்தத்துக்கு என்ன பதில்?

பதில்: முதல் ஆண்டில் முகாம் மலிவாகத் தெரியும்; பத்தாவது ஆண்டில் அதைவிட விலை உயர்ந்தது வேறில்லை. அரசுகள் செய்யும் பெரும் பிழை, அகதிகள் சில மாதங்களில் திரும்பிவிடுவார்கள் என்று நம்பித் திட்டமிடுவதுதான். சிரிய அகதிகளுக்கான ஜோர்தானின் ஸாத்தரி முகாம் 2012-ல் கூடாரங்களாகத் தொடங்கியது. தண்ணீர் லாரிகளில் வந்தது. சிரியப் போர் நீண்டது. பிறகுதான் குழாய் பதித்தார்கள். 2017-ல் ஜெர்மனியின் நிதியில் 12.9 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். இவற்றை முன்பே செய்திருந்தால் எத்தனை லாரி வாடகையும் மின் கட்டணமும் மிஞ்சியிருக்கும்!

1922–23-ல் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குச் சுமார் 12 இலட்சம் அகதிகள் வந்தபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அது பெற்றுத் தந்த கடனை நிவாரணத்துக்குச் செலவிடக் கூடாது, அகதிகள் உழைத்துப் பிழைக்க வழி செய்யும் நிலையான குடியேற்றத்துக்கே செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஐந்து இலட்சம் ஹெக்டேர் நிலத்தைக் கிரேக்க அரசு ஒதுக்க வேண்டியிருந்தது. உகாண்டா இன்றும் அகதிக் குடும்பங்களுக்குச் சிறு நிலம் தந்து, வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை அளிக்கிறது. கொலம்பியா 2021-ல் வெனிசுவேலா மக்களுக்குப் பத்தாண்டு தங்கும் அனுமதியை அறிவித்தது. சம்பாதிப்பவர் வரி கட்டுவார், வாடகை தருவார், கடையில் பொருள் வாங்குவார். கம்பி வேலிக்குள் இருப்பவரால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது.

உள்ளூர் மக்களின் வருத்தம் நியாயமானது. அதை வெறுப்பு என்று ஒதுக்குவது அநீதி. கிணறு வற்றும், வாடகை ஏறும், கூலி இறங்கும், மருத்துவமனை வரிசை நீளும். அகதிக்கு வரும் உதவியில் ஒரு பங்கு அந்த ஊருக்கும் கட்டாயம் போக வேண்டும். உகாண்டா அதை 30 சதவீதம் என்று வகுத்துக்கொண்டது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் 2017-ல் சில மாதங்களில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வந்தபோது, அடுப்பெரிக்க விறகு தேடியே சுற்றியிருந்த குன்றுகள் மொட்டையாயின. விறகுக்காக உள்ளூர்ப் பெண்களும் முகாம் பெண்களும் ஒரே காட்டில் ஒருவரையொருவர் எதிராளியாகப் பார்க்க நேர்ந்தது. 2018 முதல் முகாம்களுக்கு எரிவாயு உருளைகள் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றை முகாமுக்கு வெளியே இருந்த ஏழைக் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். அதன் பிறகு மொட்டைக் குன்றுகளில் மரக்கன்றுகளை நட முடிந்தது.