காய்ச்சலின்போது குழந்தையின் இதயத்தில் கேட்ட முணுமுணுப்பு

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. சென்ற மாதம் காய்ச்சலுக்காக அழைத்துச் சென்றபோது, அவனைப் பரிசோதித்த குழந்தை மருத்துவர், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்பதாகவும், காய்ச்சல் விட்ட பிறகு மறுபடி காட்டும்படியும், தேவைப்பட்டால் எக்கோ எடுக்கலாம் என்றும் கூறினார். அன்று முதல் வீட்டில் அவனை ஓடியாட விடுவதில்லை. நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன் உறவுமுறை. குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முணுமுணுப்பு என்பது நோயின் பெயர் அன்று, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். இதய வால்வுகள் மூடும்போது எழும் ‘லப்-டப்’ ஒலிகளுக்கு இடையே ரத்தம் பாயும் ஓசையும் சேர்ந்து கேட்டால் அதை முணுமுணுப்பு என்கிறோம். குழந்தைகளின் நெஞ்சுச் சுவர் மெல்லியது என்பதால், எந்தக் குறையும் இல்லாத இதயத்திலும் இந்த ஓசை காதுக்கு எட்டிவிடுகிறது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஏதாவது ஒரு வயதில் இதைக் கேட்க முடியும். அவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் முற்றிலும் நலமாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட தீங்கற்ற முணுமுணுப்புகளில் மிகுதியாகக் காணப்படும் ஒன்றை, லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1909-இல் விவரித்தார். இறுகக் கட்டிய தந்தியை மீட்டியது போன்ற அந்த ஓசை பெரும்பாலும் 2 முதல் 7 வயதுக்குள் கேட்கும். குழந்தை படுத்திருக்கும்போது கூடும், எழுந்து நின்றால் குறையும். காய்ச்சல் நேரத்தில் இதயம் வேகமாகத் துடித்து அதிக ரத்தத்தை வெளியேற்றுவதால், மற்ற நாட்களில் கேட்காத முணுமுணுப்பு அப்போது தெளிவாகக் கேட்கலாம். காய்ச்சல் விட்டபின் மறுபடி காட்டச் சொன்ன உங்கள் மருத்துவர் சரியானதைத்தான் சொல்லியிருக்கிறார். ரத்தசோகையிலும் இதே நிலை ஏற்படும். நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. எனவே மறுபரிசோதனையின்போது ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

ஓட்டை பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். பிறவி இதயக் குறைகளில் முதலிடம் வகிப்பது, கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஏற்படும் ஓட்டை. சத்தம் பெரிதாக இருந்தால் ஓட்டையும் பெரிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் சிறிய ஓட்டை வழியே ரத்தம் பீறிட்டுப் பாய்வதால் அதில்தான் சத்தம் உரக்கக் கேட்கும், மிகப் பெரிய ஓட்டையில் சத்தம் குறைவாகவும் இருக்கலாம். சிறிய ஓட்டைகளில் பல, சில ஆண்டுகளில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஆகவே சத்தத்தின் அளவைவிடக் குழந்தையின் நிலையே முக்கியமானது. கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிக்கையில் மூச்சு வாங்கியதா, நெற்றி வியர்த்ததா, எடை ஏறாமல் நின்றதா, அடிக்கடி நிமோனியா வந்ததா, இப்போது விளையாடும்போது மயங்கி விழுகிறானா, உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றனவா, குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது பதிலானால், நாள் தள்ளாமல் குழந்தைகள் இதய நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். சத்தத்துடன் நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரிவதும், தொடை மடிப்பில் நாடி பலவீனமாக இருப்பதும் மருத்துவர் தாமே கண்டறிய வேண்டியவை.

நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் ஏற்படும் வாய்ப்பு சற்றே கூடுதல் என்பது உண்மை. அதற்காக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. உறவில் மணந்த பெற்றோரின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பான்மையோர் நலமான இதயத்துடனேயே பிறக்கிறார்கள். ஆனால் இந்த விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் இல்லாதபோதும் சத்தம் நீடித்தால், உங்கள் மகனுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அது ஒலி அலைகளால் செய்யப்படும் வலியற்ற பரிசோதனை. அதில் கதிர்வீச்சு கிடையாது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கான ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ், பிறவி இதயக் குறைகளுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மூலம் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ வரும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இனிவரும் ஆண்டுகளில் அவனுக்குத் தொண்டை வலி வந்து, சில வாரங்கள் கழித்து மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்றாக வீங்கி வலித்தால், அது இதய வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது எழும் முணுமுணுப்பைத் தீங்கற்றது என்று விட்டுவிடக் கூடாது.

மேற்சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், அவனை இன்றே விளையாட விடுங்கள். தடுப்பூசிகளையும் நிறுத்த வேண்டாம். இதயத்தில் கோளாறே இல்லாமல், ‘இதய நோயாளி’ என்ற பெயரால் மட்டுமே முடக்கி வைக்கப்பட்ட மாணவர்களைப் பற்றி 1967-இலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். நம் வீடுகளிலும் அது இன்றுவரை நடந்து வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பரிசோதனையில் சத்தம் தீங்கற்றது என்று உறுதியானால், ‘விளையாட்டுக்கு எந்தத் தடையும் இல்லை’ என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு நகலைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, மூலத்தை அவனுடைய தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.