நான்கு பேர், ஒரு குளம்: நீச்சலை யார் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பமாக நீச்சல் கற்க நினைக்கிறோம். மகளுக்கு 4 வயது. மகனுக்கு 10, மூளை முடக்குவாதத்தால் வலது கையும் காலும் பலவீனம், ஆனால் நடப்பான். எனக்கு 36, முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு முட்டும். மாமனாருக்கு 66, மூட்டுவலி. பக்கத்துக் குளத்தில் 12 நாள் முகாமில் எல்லாரையும் ஒரே பேட்ச்சில் சேர்த்துக்கொள்கிறார்களாம். சேரலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: குளம் ஒன்றாக இருக்கலாம். பேட்ச் ஒன்றாக இருக்க வேண்டாம்.

'12 நாளில் ஃப்ரீஸ்டைல்' என்று பேனர் வைப்பார்கள். கை வீசவும் கால் அடிக்கவும் 12 நாளில் பழக்கிவிடலாம்தான். மூச்சு பழகாவிட்டால் பத்து மீட்டரில் நின்றுவிடுவீர்கள். நீச்சல் தெரியுமா என்பதற்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள். ஆளை முழுக்கும் ஆழத்தில் இறங்கி மேலே வர வேண்டும்; ஒரு நிமிடம் மிதக்க வேண்டும்; முழுச்சுற்று திரும்பிக் கரையைக் கண்டுபிடிக்க வேண்டும்; 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர், நீந்த வேண்டும்; ஏணி இல்லாமல் ஏற வேண்டும். எந்த ஸ்ட்ரோக், அதாவது எந்த நீச்சல் பாணி, என்ற பேச்சே அதில் இல்லை.

முதலில் நீங்கள். மகளோடு தண்ணீரில் நிற்கப்போவது நீங்கள்தான் என்பதால் அவளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். தண்ணீர் இடுப்புக்கு மேல், மார்புக்குக் கீழ் இருக்கும் இடம் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, 'ம்ம்ம்' என்று முனகியபடியே முகத்தை உள்ளே விடுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாகத்தான் வெளியேறும். அது வெளியேறிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் மூக்கில் ஏறாது. பயந்தவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, மார்பு நிறைய இழுத்து அடக்கிக்கொள்வது. அடக்கிய சில நொடிகளில் வரும் முட்டலுக்குக் காரணம் உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்சைடு. பிராணவாயு அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடாது. காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் முட்டலும் குறையும்.

அடுத்த பாடம் நீந்துவது அல்ல, எழுந்து நிற்பது. கவிழ்ந்து மிதக்கும்போது பெரியவர்களைப் பிடித்தாட்டும் பயமே 'கால் தரையில் படுமா' என்பதுதான். முழங்கால் இரண்டையும் வயிற்றை நோக்கி இழுங்கள். நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள். உடல் தானே நிமிரும். பாதத்தை ஊன்றிய பிறகு தலையைத் தூக்குங்கள். வரிசை மாறித் தலையை முதலில் தூக்கினால் கால் பின்னாலேயே நின்றுவிடும், தடுமாறித் தண்ணீர் குடிப்பீர்கள். இதை ஒரே நாளில் இருபது முறை செய்யுங்கள். அதன்பின் சுவரை உதைத்து வழுக்கிப் போவது, பார்வை தரை டைல்ஸில். முன்னால் பார்த்தால் தலை உயரும், தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், தராசுத் தட்டு மாதிரி. கால் அடிப்பதெல்லாம் இதற்குப் பிறகு. பெரியவர்களுக்கு 12 வகுப்பு பெரும்பாலும் போதாது. இருபது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடையும் முக்கியம். காட்டன் சுடிதார் ஊறினால் ஈரச் சாக்கு மாதிரி இழுக்கும். உடலோடு ஒட்டும் நைலான் அல்லது பாலியஸ்டர் முழுக்கை நீச்சலுடை வாங்குங்கள்.

மகனுக்குக் குழு வகுப்பு வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர். 1949இல் லண்டனில் மாற்றுத்திறன் மாணவிகளுக்காக ஜேம்ஸ் மெக்மில்லன் உருவாக்கிய ஹாலிவிக் முறை இவனுக்குப் பொருந்தும். அதில் மிதவை எதையும் மாட்டுவதில்லை, பயிற்றுநரின் கைதான் ஆதரவு. ஒரு பக்கம் பலவீனமானவர் மல்லாந்தால் உடல் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே உருளும். கையில் காற்றுப்பட்டை மாட்டினால் அந்த உருளல் மறைந்துவிடும், கழற்றிய அன்று பழையபடி உருளுவான். உருளலை அடக்கும் சுக்கான் தலைதான். உடல் வலப்பக்கம் உருளத் தொடங்கினால் முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவே. பயிற்றுநர் தலைமாட்டில் நின்று, தோளுக்கடியில் உள்ளங்கையை வைத்து, ஆதரவை விரல் விரலாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மல்லாந்து மிதக்கத் தெரிந்தபின் இரு கையாலும் இடுப்பருகே தண்ணீரைத் தள்ளி நகரட்டும். வலது கை குறைவாகத் தள்ளுவதால் வளைந்துதான் போவான். இடது கையின் வீச்சைக் குறைத்துச் சரிசெய்யலாம். குளிர்ந்த நீர் தசை இறுக்கத்தைக் கூட்டும் என்பதால் அதிகாலை பேட்ச்சைத் தவிர்த்து, வெயில் ஏறிய நேரம் கேளுங்கள். வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் கேட்காமல் இறக்காதீர்கள். பயிற்றுநரிடம் மறைக்கவும் வேண்டாம். போரில் காயமடைந்த ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில்தான் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். மகனிடம் சொல்லிவையுங்கள்.

மகளுக்கு 4 வயது நல்ல வயது. அரைமணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். உதடு நடுங்கினால் அதற்கு முன்பே கரையேற்றுங்கள். ஒரு பயிற்சியாளரிடம் நான்கு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் அந்த பேட்ச் வேண்டாம். காற்றுப்பட்டை குழந்தையைச் செங்குத்தாக நிறுத்திவைக்கும். நீந்துவதற்கோ உடல் படுக்கையாக இருக்க வேண்டும். குமிழி விடுவது, மல்லாந்து கிடப்பது, விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிப்பது: இந்த மூன்றும் வந்தால் இந்தக் கோடைக்குப் போதும். 'தள்ளிவிட்டால் தானா வரும்' என்று கிணற்றடியில் சொல்வார்கள். அப்படித் தள்ளிவிடப்பட்டுப் பயந்த பிள்ளைக்குத் தண்ணீரை மறுபடி பழக்குவது பெரும்பாடு. வகுப்பு முடிந்த பிறகும், அவள் நீரில் இருக்கும்வரை நீங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாமனார் நீந்தியே ஆக வேண்டும் என்பதில்லை. மார்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மூட்டில் இறங்கும். முன்னும் பின்னும் இருபது நிமிடம் நடக்கட்டும். நீந்த ஆசைப்பட்டால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வேண்டாம். அதில் தவளைபோல் காலை விரித்து உதைப்பது முழங்காலின் உட்பக்கத்தை இழுக்கும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரானால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரட்டும். எப்படியானாலும் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறட்டும். வெளியே வந்ததும் தலை சுற்றலாம்.

பணம் கட்டும் முன் குளத்தை நேரில் பாருங்கள். ஆழப் பக்கத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின் வாசனை குப்பென்று அடித்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நாற்றம் அது. பராமரிப்பவரிடம் அன்றைய அளவைக் கேளுங்கள்: குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8. பயிற்சியாளர் தவிர, கரையில் நின்று பார்ப்பதற்கென்றே தனியாக ஓர் உயிர்காப்பாளர் இருக்கிறாரா? இல்லையென்றால் வேறு குளம் தேடுங்கள்.

நாமக்கல்காரர்களுக்குக் காவிரி பக்கம். குளத்தில் 25 மீட்டர் போனவர் ஆற்றில் போய்விடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே இழுப்பு உண்டு, மணல் அள்ளிய குழி உண்டு, பிடிக்கச் சுவர் கிடையாது. யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காமல் புடவையை வீசுங்கள், அல்லது கயிறு கட்டி மூடிய காலி பிளாஸ்டிக் கேனை. இந்த வீச்சை முகாமிலேயே ஒரு நாள் மகனுக்கும் மாமனாருக்கும் பழக்கச் சொல்லுங்கள். கயிறு கட்டிய கேன் ஐந்து மீட்டர் தாண்டி விழ வேண்டும்.