கோர்தோபாவில் ஒரே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அக்டோபரில் மாட்ரிட்டிலிருந்து செவில்லாவுக்கு ரயிலில் போகும் வழியில், கோர்தோபாவில் ஒரு நாள் இறங்குகிறோம். பட்டியலில் பத்து இடங்கள் இருக்கின்றன. எவற்றை விடலாம்? நாங்கள் சைவம்.

பதில்: பத்தும் வேண்டாம். மசூதியாகப் பிறந்து தேவாலயமாக மாறிய மெஸ்கித்தாவுக்கே அரை நாளைக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை மணிக்கு இலவசமாக விடுவார்கள். ஆனால் ஒன்பதரைக்கு வெளியேறச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் போதவே போதாது. டிக்கெட் எடுத்தே போங்கள்.

உள்ளே போனதும் கட்டப்பட்ட வரிசையிலேயே நடந்து பாருங்கள். ஆரஞ்சு மர முற்றத்தை ஒட்டிய பகுதிதான் மிகப் பழையது. கோர்தோபாவை ஆண்ட அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் தொடங்கியது. தூண்கள் ஒன்றுபோல் இருக்காது. பல, ரோமானியர் கட்டடங்களிலிருந்தும் அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்துகளின் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்தவை. உயரம் போதாததால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றினார்கள். அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டைகள், செங்கல்லும் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டியவை.

நேரே தெற்குச் சுவர் வரை போனால் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம். 960களில் கலீஃபா இரண்டாம் ஹகம் பைசாந்தியப் பேரரசரிடம் கேட்டு வரவழைத்த மொசைக் வேலை, பொன்னாக மின்னும். அப்புறம் கிழக்கே திரும்பி, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அமைச்சர் அல்-மன்சூர் சேர்த்த பகுதிக்கு வாருங்கள். அங்கே பட்டைகள் கல்லின் மேல் பூசிய வண்ணம்தான். இருநூறு ஆண்டுகளில் கட்டும் முறை எப்படி மாறியது என்பது அந்த ஓர் இடத்திலேயே புரிந்துவிடும்.

நடுவில் உள்ள தேவாலயத்தைக் கடைசியாகப் பாருங்கள். 1236இல் நகரம் கிறிஸ்தவர் கைக்குப் போனாலும், நடுப்பகுதியை இடித்துப் பெரிய தேவாலயம் எழுப்பத் தொடங்கியது 1523இல்தான். நகர சபையே எதிர்த்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதித்துவிட்டார். அந்த இடிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆனாலும் பாடகர் குழுவின் மரச் செதுக்கு இருக்கைகளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

மதியம் யூதர் தெருக்களில் நடந்து 1315இல் கட்டிய சிறு சினகாக்கை, அதாவது யூதர் வழிபாட்டுக் கூடத்தைப் பாருங்கள். கால் மணி நேரம் போதும். திங்கள் மூடியிருக்கும். பூந்தொட்டிச் சந்து படத்தில் காட்டும் அளவுக்கு இல்லை, கூட்டமும் அதிகம். வீட்டு முற்றங்களின் அழகு வேண்டுமென்றால் வியானா அரண்மனைக்குப் போங்கள், அங்கே பன்னிரண்டு முற்றங்கள். மாலையில் ரோமானியப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய் நகரத்தைத் திரும்பிப் பாருங்கள்.

ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டரில் உள்ள மதீனா அசாரா என்ற பழைய அரண்மனை நகரின் இடிபாடுகளை இந்த முறை விட்டுவிடலாம். அது நல்ல இடம்தான், ஆனால் அதன் அடிவாரத்து அருங்காட்சியகத்திலிருந்து தனிப் பேருந்து பிடித்து மேலே போகவேண்டும். அரை நாள் ஓடிவிடும். இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் மறுநாள் காலை போங்கள்.

சாப்பாட்டில் சல்மொரேஹோ என்ற கெட்டியான குளிர்ந்த தக்காளி சூப் உங்களுக்குச் சரிப்படும். ஆனால் மேலே பன்றி இறைச்சித் துருவலும் முட்டையும் தூவித் தருவார்கள். ஆர்டர் செய்யும்போதே இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.