கடலோர வீட்டில் துருப்பிடித்த அலமாரிக் கீல்களைக் கழற்றி நாமே ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாமா, புதிது வாங்குவதா?

தாராளமாக அடிக்கலாம். "கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார், அது மனதுக்கு ஒப்பாமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

நான் இருப்பது தரங்கம்பாடி. வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பிவிட்டால் ஜன்னல் கம்பியைத் தொட்ட கை பிசுபிசுக்கும். எங்கள் சமையலறையில் மாமனார் செய்வித்த தேக்கு அலமாரி இருக்கிறது. 2004 சுனாமியில் அதன் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறி இறங்கியது. பலகை ஒரு நூல்கூட வளையவில்லை. கீல்கள்தான் துருவேறிப்போய், கதவைத் திறக்கும்போதெல்லாம் அரிசி டப்பாவின் மேல் செந்தூளாகக் கொட்டும்.

ஆசாரி வந்து பார்த்தார். "இது ஆவாதுக்கா. ஆட்டோ கீல் போட்டுரலாம், சத்தமில்லாம மூடும்" என்றார். நல்ல வேலைக்காரர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டோ கீலுக்குக் கதவின் உள்பக்கம் 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் குடைய வேண்டும். அந்தத் தேக்கைக் குடைய நான் சம்மதிக்கவில்லை. சாதாரணக் கீலே புதிதாக வாங்கினாலும் அதன் ஓட்டைகள் பழைய ஓட்டைகளோடு பொருந்தாது. பக்கத்திலேயே வேறு துளை போட்டால் சட்டம் பிளக்கும். "ஒரு கீல் என்ன விலை, அதுக்குப் போய் இத்தனை பாடா?" என்று கேட்க வருபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் வாங்க மயிலாடுதுறை போனேன். கடையில் முதல் கேள்வியே, "பெயின்டர் வரலயாம்மா? சார வரச் சொல்லுங்க, அவர்ட்ட சொல்றேன்." "சார் அடிக்கப்போறதில்ல, நான்தான் அடிக்கப்போறேன்" என்றேன். என்ன உலோகம், பழைய பூச்சு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏதோ ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். ஒரு பொம்பளை கீலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக் கூடாதா? திரும்பி வர 30 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எங்கள் ஊருக்கு ரயில் இருந்தது, 1986-இல் நிறுத்தினார்கள். 2020-இல் மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக்கினார்கள். அந்த ரயில் மட்டும் இன்னும் திரும்பவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வது?

இனி வேலைக்கு வருகிறேன். இதில் பெயிண்ட் அடிப்பது கடைசிக் கால்வாசி. முக்கால்வாசி வேலை கழுவுவதுதான். நம் பக்கத்துக் கீலில் துரு மட்டும் இல்லை, துருவுக்குள் உப்பும் இருக்கிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடியில் ஈரம் கோத்துக் கொப்புளம் கிளம்பும், பிறகு பாளம் பாளமாக உரியும். கடலோரத் தெருக்களில் வாசல் கேட்டுகளைப் பாருங்கள், புரியும்.

கழற்றும்போதே எந்தக் கதவு, மேலா கீழா என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். கீச்சிடுகிறது என்று நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு அது பிசினாகியிருக்கும். பாத்திரம் விளக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். வெறும் இரும்புக் கீல் என்றால் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு விட்டுவிடும். புளிப்பு தங்காமலிருக்க ஆப்பசோடா கரைத்த நீரில் முக்கி எடுத்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், கடலோரத்தில் அதுவே உப்பு. குடிக்கிற தண்ணீரிலேயே அலசுங்கள். அலசியதும் துடைத்து வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் மஞ்சள் பூத்துவிடும்.

கீலில் பழைய பெயிண்ட் இருந்தால் வறட்டு உப்புத்தாள் போடாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறதோ, அந்தத் தூளைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பறக்கவிட வேண்டாம்.

துத்தநாகமோ நிக்கலோ பூசிய பளபளப்பான கீலாக இருந்தால் வினிகர் பக்கமே போகாதீர்கள், பூச்சு போய்விடும். 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து, வழுவழுப்பான உலோகத்தையும் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடியுங்கள். கடையில் கொடுக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமர் இரும்புக்குத்தான் சரி, பளபளப்புப் பூச்சில் பிடிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஈரக் காற்றில், சீக்கிரம் காயும் லாக்கர் வகை ஸ்ப்ரே பெயிண்ட் வெளிறி வெள்ளை படரும். மாசி, பங்குனி நல்ல காலம். பனி விலகிய பிறகு, கடற்காற்று கிளம்புவதற்குள் முடித்துவிடுங்கள். கட்டுக்கம்பியில் கோத்துக் கொல்லையில் துணிக்கொடியில் தொங்கவிட்டு அடித்தேன். வீட்டுக்குள் அடிக்கக் கூடாது. டப்பாவுக்குள் இருப்பது தீப்பற்றும் வாயு. அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற இடத்தில் ஆபத்து.

டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்கு மேல் தள்ளிப் பிடித்து மெல்லிசாக வீசுங்கள். ஒரே தடவையில் மூட நினைத்தால் வழியும். பத்து நிமிடம் விட்டு அடுத்த பூச்சு. ஆணி செல்லும் குழல்கள் ஒன்றோடொன்று உரசும் இடுக்கில் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பெயிண்ட் புகுந்தால் கீல் இறுகும், திறந்து மூடும்போது செதிலாக உதிரும். திருகாணிகளை அட்டைப் பெட்டியில் குத்தி நிறுத்தித் தலையில் மட்டும் அடியுங்கள். தெர்மாகோல் வேண்டாம், பெயிண்டில் இருக்கிற கரைப்பான் பட்டால் கரைந்துவிடும்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினால் தீர்ந்ததே" என்பவர்களுக்கு: உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரகமாக இருந்தால் நானும் ஒத்துக்கொள்கிறேன். கடையில் பெரும்பாலும் எடுத்துத் தருவது 202. அது கடலோரத்தில் துருப்பிடிக்கும். அது என்ன ரகம் என்று கேட்டால்தான் "சார வரச் சொல்லுங்க" என்கிறார்களே.

உங்களுடையது மெதுவாக மூடும் ஆட்டோ கீலாக இருந்து, உள்ளே ஸ்பிரிங்கே துருவேறியிருந்தால் பெயிண்ட் உதவாது, மாற்றிவிடுங்கள். தகடு கனமான பழைய கீலாக இருந்தால் விடாதீர்கள். அடித்து ஒரு வாரம் காயவிட்டு மாட்டுங்கள், ஆணியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.