உள்நாட்டுப் பயணம் விடுமுறைக் கணக்கில் சேராதா?

கேள்வி: போன மாதம் பத்து நாள் லீவு எடுத்துக் குடும்பத்தோடு போய்வந்தோம். முதல் நான்கு நாள் கணவரின் பெற்றோர் வீட்டில். அப்புறம் நான்கு நாள் ஒரு மலையூர், கடைசி இரண்டு நாள் கடற்கரை. எல்லாம் எங்கள் நாட்டுக்குள்தான். திரும்பி வந்ததும் உடன் வேலை செய்யும் ஒருவர், எங்கே போனீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “ஓ, வெளிநாடு எங்கேயும் போகலையா? நிஜமாவே வெகேஷன் போயிட்டீங்கன்னு நினைச்சேன்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் பதிமூன்று வயது மகளும், “நாம எப்பம்மா நிஜமான டூர் போவோம்?” என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் லீவு எடுத்த மாதிரியே இல்லை. கிளம்பும்போது இருந்த களைப்பு அப்படியே இருக்கிறது. மலையில் இருந்தபோது ஆபீஸிலிருந்து தினமும் போன் வந்தது, அதனாலும் இருக்கலாம். கடன் வாங்கியாவது அடுத்த வருடம் வெளிநாடு போய்விடலாம் என்கிறார் கணவர். சொந்த நாட்டுக்குள் சுற்றுவது விடுமுறையில் சேர்த்தியா, இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்த்திதான். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, “அதனாலும் இருக்கலாம்” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அந்த வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் சக ஊழியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

சுற்றுலாவைக் கணக்கெடுப்பதற்காக ஐ.நா. வகுத்த 2008ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில், சுற்றுலாப் பயணி யார் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. தன் வழக்கமான சூழலை விட்டு, ஒரு வருடத்துக்கும் குறைவான காலத்துக்கு, போகிற இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதைத் தவிர வேறு ஏதோ ஒரு காரணத்துக்காகப் போகிறவர். அவ்வளவுதான். எல்லையைத் தாண்டினால் ஒரு வகை, தாண்டாவிட்டால் இன்னொரு வகை. இரண்டுமே சுற்றுலாதான். எண்ணிக்கையைப் பார்த்தால் உங்கள் பக்கம்தான் கூட்டம் அதிகம். 2018இல் உலகம் முழுவதும் நடந்த உள்நாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் சுமார் 900 கோடி என்று ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு மதிப்பிட்டது. அதே வருடம் நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணங்கள் 140 கோடி.

சம்பளத்தோடு லீவு என்ற உரிமை பரவிய காலத்தைப் பார்த்தாலும் இதுவே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரான்ஸ். 1936இல் லெயோன் பிளூமின் அரசு, எல்லாத் தொழிலாளர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று சட்டம் கொண்டுவந்தது. விடுப்பு கிடைத்தால் போதுமா, போவதற்கு வழி வேண்டாமா? அந்த அரசில் ஓய்வு, விளையாட்டுத் துறையைப் பார்த்த லெயோ லக்ரான்ஷ், தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் நாற்பது சதவீதம் குறைத்து ஒரு தனி டிக்கெட் ஏற்பாடு செய்தார். அந்தக் கோடையில் லட்சக்கணக்கானவர்கள் ரயில் ஏறினார்கள். சைக்கிளில் கிளம்பியவர்களும் உண்டு. அவர்களில் பலர் கடலைப் பார்த்ததே அப்போதுதான் முதல் தடவை. அது அவர்கள் நாட்டுக் கடல். நாற்பது, ஐம்பது வயது வரை ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே வாழ்ந்துவிட்டு, முதன்முறையாகக் கரையில் நின்ற ஒருவரிடம் போய், “இது உண்மையான விடுமுறையா?” என்று கேட்க முடியுமா? அந்த நாட்களின் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, இதையெல்லாம் சொல்லி உங்கள் சக ஊழியரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் உங்கள் களைப்பு போகாதே. அதனால் அந்த இன்னொரு வரிக்கு வருகிறேன்.

களைப்பு எப்படித் தீர்கிறது என்பதை உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். சபீன் சொன்னென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இருவர் 2007இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. வேலை இல்லாத நேரத்தில் மனிதர் தேறுவதற்கு உதவும் அனுபவங்கள் என்று அவர்கள் நான்கைச் சொன்னார்கள். வேலையிலிருந்து மனம் விடுபடுவது, உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, நம் நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதை நாமே முடிவு செய்வது. இந்த நான்கில் எதற்கும் விசா தேவையில்லை. ஆனால் இந்த நான்கில் எது உங்களுக்குக் கிடைத்தது என்று உங்கள் பத்து நாளை வைத்துப் பார்த்தேன். உங்கள் மேல் பரிதாபமாக இருந்தது.

முதல் நான்கு நாள் கணவரின் பெற்றோரோடு. அவர்கள் எவ்வளவு பிரியமானவர்களாக இருந்தாலும், அங்கே நீங்கள் மருமகள். எப்போது எழுவது, என்ன செய்வது, யாரைப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் கையில் இருந்திருக்காது. போகக் கூடாது என்று சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். அதை உறவுக்கான நேரம் என்று தனியாக வையுங்கள், ஓய்வுக் கணக்கில் போடாதீர்கள். அடுத்த நான்கு நாள் மலையில் தினமும் ஆபீஸ் போன். பேசிய நேரம் பத்து நிமிடமாகவே இருக்கலாம். ஆனால் காலையில் எழும்போதே, இன்று எப்போது கூப்பிடுவார்களோ என்ற நினைப்பும் சேர்ந்தே எழுந்திருக்கும். முதலில் சொன்ன மனம் விடுபடுவது அங்கே நடக்க வழியே இல்லை. மிச்சம் இருந்தது கடற்கரையின் இரண்டு நாள். அதில் ஒரு நாள் திரும்புவதற்கான மூட்டை கட்டுவதிலேயே போயிருக்கும், அதைக் கட்டியதும் நீங்களாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். எத்தனை நாள், எந்த வரிசையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மலையில் என்ன பார்த்தீர்கள், கடலில் கால் நனைத்தீர்களா என்று ஒரு வார்த்தைகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

ஆகவே உங்களுக்கு விடுமுறை எடுத்த மாதிரி இல்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. அதற்குக் காரணம் நாட்டுக்குள் இருந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு வசதி உண்டு. அது தானாகவே ஒரு வேலி போட்டுத் தருகிறது. விமானம் ஏறியதும் போன் வேலை செய்யாது. இறங்கினால் நேரம் வேறு, நம்பர் வேறு. “அவங்க ஊர்ல இல்ல, வந்ததும் கேட்டுக்கலாம்” என்று ஆபீஸே ஒதுங்கிக்கொள்ளும். வழியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லவும் ஆள் இருக்காது. நிஜமான வெகேஷன் என்று உங்கள் சக ஊழியர் மனதில் நினைப்பதில் பாதி அந்த வேலியாகத்தான் இருக்க வேண்டும். உள்நாட்டில் அது தானாக அமையாது. கூப்பிட்டால் கிடைப்பீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாமே போட்டால்தான் உண்டு.

வேலி போடாமல் போனால் வெளிநாடும் கைகொடுக்காது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நெடுநாள் சேமித்து, ஆறேழு மணி நேர வித்தியாசம் உள்ள ஒரு நாட்டுக்குப் போனேன். முடிக்காத வேலை ஒன்றையும் கூடவே எடுத்துப் போயிருந்தேன். பகலெல்லாம் சுற்றிவிட்டு, இரவில் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அதைத் திருத்திக்கொண்டிருப்பேன். தூக்கம் பிடிபடவே நான்கைந்து நாள் ஆனது. பார்த்த இடங்கள் இன்று புகைப்படத்தில் இருக்கின்றன, நினைவில் இல்லை. அடுத்த வருடம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஏரிக்கரையில் நான்கு நாள் இருந்தேன். போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அந்த ஏரியில் விடிகாலை பறவைகள் எந்தப் பக்கத்திலிருந்து வரும், பத்து மணிக்கு மேல் தண்ணீரின் நிறம் எப்படி மாறும் என்று இன்றும் சொல்வேன்.

ஆஸ்திரியாவில் வேலை பார்ப்பவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வும் இதை ஒட்டியே இருக்கிறது. விடுமுறைக்குப் போன இடத்துக்கும் வீட்டுக்கும் நேர வித்தியாசம் கூடக் கூட, திரும்பி வந்த பிறகு களைப்பும் கூடியிருந்தது.

இன்னொரு ஆய்வையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தில் நீண்ட விடுமுறை எடுத்த 54 ஊழியர்களை யெஸிகா டெ புளூம் என்பவரும் அவர் குழுவினரும் பின்தொடர்ந்தார்கள். 2013இல் வெளியானது. அவர்களுடைய உடல்நலமும் மனநலமும் விடுமுறை தொடங்கியதும் வேகமாக ஏறி, எட்டாவது நாளில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஒரே தொடராகக் கிடைக்கும் நாட்கள் எவ்வளவு மதிப்புள்ளவை என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும், வருட விடுப்பைத் துண்டு துண்டாகப் பிரித்தாலும் அதில் ஒரு பகுதி குறைந்தது இரண்டு வாரம் இடைவிடாமல் இருக்க வேண்டும் என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. உங்களுக்கு இரண்டு வாரம் கிடைக்காமல் போகலாம். கிடைக்கிற பத்து நாளையாவது மூன்றாக உடைக்காதீர்கள். உறவினர் வீட்டுக்கு வேறொரு வார இறுதியில் போய் வாருங்கள். பத்து நாளும் ஒரே இடம், அல்லது மிஞ்சினால் இரண்டு இடம்.

ஆபீஸ் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே இருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று சொல்லவே வேண்டாம். “இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை போனில் கிடைக்க மாட்டேன்” என்பது போதும். நாட்டுக்குள் இருக்கிறோம் என்பதால் அப்படிச் சொல்லப் பலருக்கும் ஒரு குற்ற உணர்ச்சி. அது வேண்டாம். லீவு உங்கள் உழைப்பில் சேர்ந்தது.

கடன் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெளிநாடு போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஊரில், வழி கேட்கவும் பாஷை இல்லாமல் குழந்தை மாதிரி நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்கு ஆசைப்பட்டால் சேமியுங்கள், போய் வாருங்கள். ஆனால் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகக் கடன் வாங்கிப் போனால், திரும்பி வந்து ஒரு வருடம் தவணை கட்டும்போது அந்த ஊரே கசந்துவிடும்.

மகளைப் பற்றி. பதிமூன்று வயதில் தோழிகளிடம் சொல்ல ஒரு கதை வேண்டும், அது நியாயமான ஆசை. இதுவரை நீங்கள் கூட்டிப்போன பயணங்களில் அவள் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவள்தான். அடுத்த தடவை நாட்டின் வரைபடத்தை அவள் கையில் கொடுங்கள். நம்மில் யாரும் இதுவரை போகாத இடமாக, சொந்தக்காரர் யாரும் இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதை முதலில் பார்ப்பது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். செலவுக் கணக்கையும் அவளிடம் காட்டுங்கள். பஸ் நேரத்தைத் தப்பாகப் பார்த்து ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் காத்திருங்கள், நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். உங்கள் போன் பெட்டிக்குள் இருக்கட்டும், நீங்களும் கணவரும் அவள் பின்னாலேயே நடங்கள்.